டிசம்பரில் பிறந்த வண்டி

"நாலு நாள்ல என் வண்டிக்கு ஒரு வயசா? இன்னும் பல்லுகூட முளைக்கல, அதுக்குள்ள ஒரு வயசாம்மா?"

ஊரே மரியாதையாகத் தோன் என்று கூப்பிடுகிற கிழவர் அல்சீதெஸ் கத்தியது பெல்லாவியா மோட்டார்ஸின் கண்ணாடிச் சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்ப்பக்கம் இருக்கும் நெல்லியின் பேக்கரி வரைக்கும் கேட்டது. நெல்லி மாவு ஒட்டிய கையோடு வாசலுக்கு வந்து, வெயிலுக்காகக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, எதையும் கவனிக்காதவள் மாதிரி எல்லாவற்றையும் கவனித்தாள்.

"மெதுவா பேசுங்க தோன் அல்சீதெஸ். வெளியில ஆளுங்க நிக்கறாங்க," என்றாள் டெல்மா.

"நிக்கட்டும். நல்லாக் கேக்கட்டும். நாப்பது வருஷமா வண்டி வாங்கறேன். ஜனவரிக்கு முன்னாடி என் பேர்ல ஒரு வண்டி பதிஞ்சிருக்கா? ஒரே ஒரு வண்டி?"

டெல்மா ஆக்திஸ்தான் அந்தக் கடையில் வண்டி விற்கிறவள். அவள் முதுகுக்குப் பின்னால் கிழவர் வாங்கின வெள்ளை பிக்கப் வண்டி நின்றது. இருக்கைகளில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், கண் பட்டுவிடக் கூடாதென்று பக்கக் கண்ணாடியில் சிவப்பு ரிப்பன் கட்டி, சர்ச்சில் புதுநன்மை வாங்க வெள்ளை உடுப்பில் போகிற பிள்ளை மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. மேசை மேல் வண்டியின் பச்சை அட்டை. அதில் பதிவுத் தேதி, டிசம்பர் இருபத்தேழு.

அட்டையைக் கையில் வாங்கியதும் கிழவர் முதலில் சிரிக்கத்தான் செய்தார். அன்று இருபத்தெட்டாம் தேதி, அப்பாவிகள் தினம். ஊரில் ஒருவரை ஒருவர் ஏமாற்றிச் சிரிக்கிற நாள். அன்று காலையில்தான் அவர் பேரன் சர்க்கரை டப்பாவில் உப்பைப் போட்டு வைத்திருந்தான். இதுவும் அந்த மாதிரி ஒரு குறும்பு என்று நினைத்து டெல்மாவின் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தார். அவள் சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் முகம் சிவக்க ஆரம்பித்தது.

அவர் கோபம் நியாயமானதுதான். நம் நாட்டில் வண்டியின் வயது ஓடின தூரத்தில் இல்லை, அட்டையில் எழுதின வருஷத்தில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் பதிந்த வண்டி, புத்தாண்டுக் கோழி மேசைக்கு வருவதற்குள் போன வருஷத்து வண்டியாகிவிடும். விற்கப் போனால் வாங்குகிறவன் அட்டையைத்தான் முதலில் பார்ப்பான். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவான். அதனால் டிசம்பரில் வண்டிக் கடைத் தரையில் பாய் போட்டுத் தூங்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். அதே ஆட்கள் ஜனவரி பிறந்ததும் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே வருவார்கள்.

இந்தத் தந்திரத்தைத் தானே கண்டுபிடித்ததாகத் தோன் அல்சீதெஸ் கைதோ மனதார நம்பிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டிலும் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார். "ஜனவரி வரைக்கும் பொறு, மூளை இருக்கறவன் பொறுப்பான்" என்று சொல்லிவிட்டு, ஒரு ரகசியத்தைக் கொடுத்தவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்ப்பார். நம் ஊரான கொலோனியா பெனெவெந்தோவில் அவரிடம் அந்த ரகசியத்தை வாங்காத ஆள் கிடையாது. வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் கொடுத்திருக்கிறார்.

அப்படிப்பட்டவர் வண்டியை டெல்மா அவரைக் கேட்காமல் டிசம்பரில் பதிந்துவிட்டாள். பதிவுப் படிவத்தில் அவர் தேதி போடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். வருங்கால மருமகள்தானே என்ற நம்பிக்கை. ஏன் செய்தாள் என்றால், வெளியில் சொல்ல அவளிடம் ஒரு காரணம் இருந்தது. இன்னொரு மாதம் விற்பனைக் கணக்கில் ஒன்றுமில்லாமல் போனால் கடையை மூடி ராஃபாயேலா நகரத்துக் கடையோடு சேர்த்துவிடுவதாக வண்டிக் கம்பெனி மேற்பார்வையாளர் மிரட்டிவிட்டுப் போயிருந்தார். முதலாளி பெல்லாவியாவோ கடற்கரையில் குடை நட்டுக் கால் நீட்டிப் படுத்திருந்தார்.

வெளியில் சொல்லாத காரணம் வேறு. ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாளில் வானொலி செய்தியில், நாடு முழுக்க எத்தனை புது வண்டி பதிவானது என்று ஒரு எண்ணைப் படிப்பார்கள். சோயா விலைக்கும் கால்பந்துக்கும் நடுவில் வரும். ஊரில் யாருக்கும் அது காதில் ஏறாது. டெல்மா மட்டும் கையில் இருக்கிற துணியை வைத்துவிட்டு நின்று கேட்பாள், பூசையில் மணி அடிக்கும்போது நிற்பார்களே, அந்த மாதிரி. அவ்வளவு பெரிய எண்ணின் வாலில், தான் விற்ற இரண்டோ மூன்றோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்கு ஒவ்வொரு தடவையும் அதிசயம். கடையில் சேர்ந்த நாளிலிருந்து டிசம்பர் எண்ணில் மட்டும் நம் ஊர் இருந்ததில்லை. இந்த வருஷம் இருக்கட்டுமே என்று அவளுக்கு ஒரு ஆசை. இதையெல்லாம் கத்துகிற கிழவரிடம் சொல்ல முடியுமா.

கடைசியில் அவர் கத்துவதை நிறுத்திவிட்டு மெதுவாகப் பேசினார். அதுதான் டெல்மாவைப் பயமுறுத்தியது.

"இதை எடுத்துக்கிட்டு எனக்கு ஜனவரி வண்டி குடு. குடுத்தா ஏப்ரல்ல கல்யாணம். இல்லன்னா என் வீட்டு மேசையில உனக்கு நாற்காலி கிடையாது. லெயாந்த்ரோ கிட்டயும் சொல்லிடறேன்."

லெயாந்த்ரோ அவர் இளைய மகன். டெல்மாவும் அவனும் மோதிரம் மாற்றி ஏழு வருஷம். நல்ல பையன், குடிக்க மாட்டான், குரலை உயர்த்த மாட்டான், எந்தக் காரியத்தையும் மறுக்கவும் மாட்டான். கோதுமை அறுவடை முடியட்டும் என்பான். அது முடிந்தால் சோயா விதைப்பு. சோயா வீட்டுக்கு வந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்பான். வந்ததும் மறுபடி கோதுமை. நம் சமவெளியில் நிலம் சும்மா கிடக்கிற மாதம் ஒன்று இருந்திருந்தால் டெல்மாவுக்கு இந்நேரம் இரண்டு பிள்ளைகள் இருந்திருக்கும் என்று நெல்லி கணக்குப் போட்டுச் சொல்வாள். எப்படியோ இந்தத் தடவை ஏப்ரல் என்று பேசி, கிளப் மண்டபத்துக்குச் சொல்லி, டெல்மா துணிகூட எடுத்துவிட்டாள். அந்த ஏப்ரல்தான் இப்போது ஒரு பச்சை அட்டையின் ஓரத்தில் தொங்கியது.

அவள் கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசினாள். பதிந்த வண்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம், மாற்று வண்டி இப்போதைக்கு ஒன்றுகூட இல்லை, ஜனவரி பாதியில் பார்க்கலாம் என்று ஒரு பெண் குரல் பாட்டு மாதிரி சொல்லிவிட்டு வைத்துவிட்டது. கிழவர் நம்பவில்லை. இவ்வளவு பெரிய நாட்டில் ஒரு வெள்ளை பிக்கப் இல்லையா என்றார்.

மறுநாள் காலையில் கொசு வந்தது. கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் நீள லாரியை நம் பக்கம் அப்படித்தான் சொல்வோம், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஜனவரியில் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க இரண்டு சின்னக் கார்களை இறக்கினான் அதன் ஓட்டுநர் ஹெரெமியாஸ். தடித்த ஆள், நிதானமான ஆள். வண்டிகளே இல்லையாமே என்று கிழவர் அவனைப் பிடித்துக் கேட்டார்.

"இல்லையா? யாருங்க சொன்னது? சாராத்தே துறைமுகத்துல நிறுத்த இடமில்லாம நிக்குது."

"பாத்தியா!" என்றார் கிழவர் டெல்மாவிடம். பிறகு வீட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

அவர் மனதில் என்ன இருந்தது என்று ஊருக்கே தெரிந்தது. கால்நடைச் சந்தையில் வேலிமேல் சாய்ந்து நின்று, அந்தக் கன்று, இல்லை அதுக்குப் பக்கத்துக் கன்று என்று விரலால் காட்டி வாங்கியே பழகினவர். வண்டியையும் அப்படிக் காட்டி ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று கிளம்பினார். அப்படி நடக்காது என்று டெல்மா சொன்னாள், ஹெரெமியாஸ் சொன்னான், நெல்லியும் தெருவைத் தாண்டி வந்து சொன்னாள். அவர் அதற்குள் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவரைத் தனியே விட்டால் துறைமுகத்தில் தன் பெயரைச் சொல்லிக் கத்துவார் என்று பயந்து டெல்மாவும் ஏறினாள். கிளம்புமுன் லெயாந்த்ரோவைத் தொலைபேசியில் கூப்பிட்டு நீயும் வாயேன் என்றாள். அறுவடை மெஷின் இன்றைக்குத்தான் நம் நிலத்துக்கு வந்திருக்கிறது, எப்படி வருவேன், போய்விட்டு வந்து சொல்லு என்றான். அன்பாகத்தான் சொன்னான்.

மூன்று பேரும் முன்னால் ஒட்டி உட்கார்ந்து போனார்கள். மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீர் நிறைந்த சுரைக்குடுக்கை கைமாறிக்கொண்டே இருந்தது. வெந்நீர் ஊற்றிக் கொடுக்கிற வேலை நடுவில் இருந்த டெல்மாவுக்கு. ஊர் எல்லை தாண்டுவதற்குள் தோன் அல்சீதெஸ் தன் ரகசியத்தை ஹெரெமியாஸிடம் ஒப்படைத்துவிட்டார்.

"ஆமாங்க," என்றான் அவன். "எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க."

"எல்லாரும்னா யாரு?"

"நாடு பூரா."

கிழவர் சிரித்தார். நகரத்துக்காரனுக்கு அவ்வளவு மூளை ஏது என்றார். ஆனால் வழியில் வந்த முதல் ஊரில் வண்டிக் கடை வாசலில் விற்பனைக்காரர்கள் நடைபாதையில் நாற்காலி போட்டு மாத்தே குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஊரில் கடைக் கண்ணாடியில் படிந்த தூசியில் யாரோ விரலால் ஒரு இதயம் வரைந்திருந்தார்கள். அதற்கடுத்த ஊரில் கடைக்குள் ஒரு நாய் புதுக் காரின் நிழலில் மல்லாந்து தூங்கியது. ரொசாரியோ நகரத்தைச் சுற்றிப் போகும்போது, நம் ஊர்த் தேவாலயத்தைப் போல நான்கு மடங்கு உயரம் இருந்த ஒரு ஷோரூமில் டை கட்டின நான்கு பேர் பானெட் மேல் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கிழவர் ஒவ்வொன்றையும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொசாரியோவுக்குப் பிறகு சாராத்தே வரைக்கும் அவர் பேசவில்லை. நம் ஊரில் இதை இன்றுவரை யாரும் முழுசாக நம்பவில்லை.

சாராத்தே வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஹெரெமியாஸ் நேரே துறைமுகத்துக்குப் போயிருக்கலாம். "வேலிக்கிட்ட நின்னா முதல் வரிசை மட்டும்தான் தெரியும், மேல இருந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு, பரானா ஆற்றுக்கு மேலே போகிற பெரிய பாலத்தின் பக்கம் லாரியைத் திருப்பினான். காலி லாரி கடகடவென்று ஏறியது. பாலத்தின் கம்பிகள் யாழ் நரம்பு மாதிரி ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. கீழே ஆறு பழுப்பாக அகன்றது. உச்சிக்கு வந்ததும் அவன் வேகத்தைக் குறைத்து, ஒன்றும் சொல்லாமல் தாடையால் பக்கவாட்டில் காட்டினான்.

முதலில் அது தண்ணீர் என்றுதான் டெல்மா நினைத்தாள். ஆற்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆறு, இதைவிட அகலமாக, வெயில் பட்டுக் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு. பிறகு அந்தத் தண்ணீரில் கோடுகள் தெரிந்தன. கோடுகள் வரிசைகளாயின. ஒவ்வொரு வரிசையும் கூரை கூரையாகப் பிரிந்தது. வெள்ளை, சாம்பல், கறுப்பு, எங்கோ ஒரு சிவப்பு, மறுபடி வெள்ளை. ஆற்றங்கரையில் தொடங்கி அடிவானத்து மரங்கள் வரைக்கும் வண்டிகள். ஒன்றும் அசையவில்லை. எதிலும் ஆள் இல்லை. எல்லாம் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரோ பேர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள் என்பது மாதிரி நின்றன.

தோன் அல்சீதெஸ் தொப்பியைக் கழற்றினார். சாப்பாட்டு மேசையிலும் கழற்றாதவர்.

"யாரோட நிலம் இது?" என்று கேட்டார்.

"துறைமுகத்தோடது. ஆனா நிக்கற வண்டிங்கள்ல பாதிக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்காருங்க. பேசி முடிச்சாச்சு, கையெழுத்துப் போட்டாச்சு. ஜனவரி வரட்டும்னு நிக்குது."

"ஜனவரில?"

"முதல் ரெண்டு வாரம் நாங்க வீட்டுக்கே போக மாட்டோம். நாடு பூரா இருக்கற கொசு எல்லாம் இங்கதான் மொய்க்கும். மாசக் கடைசில வந்து பாருங்க, வெறும் தரைதான், புல்லு முளைச்சிருக்கும்."

அவன் அக்கரையில் திரும்பி மறுபடி பாலமேறி, துறைமுகத்து வேலியோரம் அவர்களை இறக்கிவிட்டான். வாசல் காவலாளி உள்ளே விட முடியாது என்றான். கிழவர் சண்டை போடுவார் என்று டெல்மா எதிர்பார்த்தாள். அவர் தலையாட்டிவிட்டு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கிட்டத்தில் பார்த்தால் இன்னும் அதிகமாக இருந்தது. பானெட்டுகளில் வெள்ளைப் படலம் ஒட்டியிருந்தது. அனலில் கூரைகள் நெளிந்தன. தூரத்தில் ஒரு கப்பல், ஜன்னலே இல்லாத கட்டடம் மாதிரி, பக்கவாட்டில் வாயைத் திறந்து வைத்திருந்தது. அந்த வாயிலிருந்து வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக எறும்பு வரிசையாய் இறங்கி வந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றன. ஓட்டி வந்தவர்களை ஒரு வேன் அள்ளிக்கொண்டு கப்பலுக்குத் திரும்பியது. அவர்கள் மறுபடி ஆளுக்கொரு வண்டியோடு இறங்கினார்கள். வேலியருகே ஒரு ஆள்காட்டிக் குருவி, ஒரு பிக்கப்பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டையிட்டு வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களை எல்லாம் திட்டியது. அதற்கு மட்டும்தான் அங்கே அவசரம்.

"இவ்வளவு பேருமா?" என்றார் கிழவர்.

"இவ்வளவு பேரும்தான், தோன் அல்சீதெஸ்."

அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, குழந்தை கேட்கிற குரலில், "நான் இவங்க யார்கிட்டயும் சொல்லலியேம்மா" என்றார்.

டெல்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாதாமாதம் நின்று கேட்ட அந்த எண் இதுவரை ஒரு குரலாகத்தான் இருந்தது. அதற்கு உடம்பு உண்டு என்று அவள் யோசித்ததில்லை. இதோ கிடக்கிறது உடம்பு. இதற்குள் வடக்கே சால்தா ஊர் நர்ஸ் ஒருத்தியின் கார் இருக்கும். தெற்கே காற்றடிக்கும் ஊரிலிருக்கிற ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாரின் கார் இருக்கும். ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாதவர்கள், எல்லோரும் சேர்ந்து ஒரே மாதத்தில் மூச்சைப் பிடித்து, ஒரே மாதத்தில் விடுகிறார்கள். அதுதான் டிசம்பரில் அந்த எண் பள்ளத்தில் விழுவதும் ஜனவரியில் மலையேறுவதும். யாரும் உத்தரவு போடவில்லை. ஒவ்வொருவரும் தன் சாமர்த்தியத்தில் பொறுத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, பொறுமை இவ்வளவு பெரிய வயலாக விளைந்து கிடக்கிறது. வானொலிக்காரன் இதைச் சோயா விலை படிக்கிற குரலிலேயே படிக்கிறானே என்று இருந்தது.

இந்தக் கூட்டத்தில் ஏழு வருஷமாக நிற்கிற வண்டி, தான் மட்டுமே என்றும் அவள் அப்போது நினைத்தாள் என்று நெல்லி சத்தியம் பண்ணிச் சொல்வாள். நெல்லி அங்கே இல்லை. டெல்மா கிழவரிடம் சொன்னது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பது மட்டும்தான். கிழவர் வேலியை விட்டு வர மனமில்லாமல், கோவிலிலிருந்து வெளியே வருகிறவர் மாதிரி பின்பக்கமாகவே சில அடி நடந்தார்.

அடுத்த நாள் காலையில் பஸ் அவர்களை ஊர்ச் சந்தியில் இறக்கிவிட்டபோது தோன் அல்சீதெஸ் வாயைத் திறந்தார். அந்த டிசம்பர் வண்டியே இருக்கட்டும் என்றார்.

டெல்மா ஏன் என்று கேட்டாள்.

"அவ்வளவு பேரு நிக்கற வரிசையில போய்க் கடைசி ஆளா நிக்கச் சொல்றியா என்னை? நாப்பது வருஷம் நின்னுட்டேன், தெரியாம." தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். "இந்தப் பக்கத்துல டிசம்பர்ல பதிஞ்ச வண்டி என்னோடது ஒண்ணுதானே?"

"ஒண்ணேதான்."

"அது போதும்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி, "ஏப்ரல்ல வெச்சுக்கலாம்" என்றார்.

அன்று மதியம் ஊர் தூங்குகிற நேரத்தில் அவர் அந்த வெள்ளை பிக்கப்பை ஓட்டிக்கொண்டு சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஹாரன் அடித்து எழுப்பி, ஜன்னலைத் திறந்தவர்களிடமெல்லாம் பச்சை அட்டையைக் காட்டினார். ஜனவரி வரைக்கும் பொறுப்பது ஆட்டு மந்தை வேலை, மூளை இருக்கறவன் பொறுக்க மாட்டான் என்று புது ரகசியம் கொடுத்தார். பழைய ரகசியத்தை யார் சொன்னது என்று கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை. வண்டி ஒரு வருஷம் மூத்துப்போவதால் வரும் நஷ்டத்தைப் பற்றி அவரோ டெல்மாவோ அதன்பின் பேசியதாகத் தகவல் இல்லை.

சாயங்காலம் லெயாந்த்ரோ கடைக்கு வந்தான். அறுவடைத் தூசி புருவத்தில் அப்படியே இருந்தது. சந்தோஷமாகத்தான் வந்தான். அப்போது நெல்லி கடைக்குள் ஒரு பெட்டி ரொட்டி கொடுக்க வந்திருந்ததால் இது நமக்குத் தெரியும். ரொட்டியை யாரும் கேட்டிருக்கவில்லை.

"அப்பா சரின்னுட்டாராமே," என்றான். "சாராத்தேல என்னத்தக் காட்டின அவருக்கு?"

"உனக்கும் காட்டணும்னு இருந்துச்சு."

"போலாம் ஒரு நாள்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "ஆனா டெல்மா, ஏப்ரல் பத்தி நானே சொல்லணும்னு இருந்தேன். இந்த வருஷம் சோயா லேட்டா போடறோம். மழை எப்படின்னு தெரியல. ஏப்ரல்ல நிலத்துலயே நிப்பேன். அது முடியட்டும், நிம்மதியா வெச்சுக்கலாமே."

டெல்மாவுக்குக் கோபம் இல்லை என்று நெல்லி சொல்கிறாள். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமாம்.

"அங்க அவ்வளவு வண்டி நிக்குது லெயாந்த்ரோ, பாத்தா பயமா இருக்கும். ஆனா எல்லாத்துக்கும் எப்ப கிளம்பணும்னு தெரியும்," என்றாள். "உனக்குத் தெரியாது. உனக்காக நிக்கறவளுக்கும் தெரியாது."

"வண்டிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் விளக்கவில்லை. விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்ற முயன்றாள். வெயிலில் விரல் வீங்கி வர மறுத்தது. உள்ளே போய்ச் சோப்பு போட்டுக் கழற்றிக்கொண்டு வந்து, ஈரத்தோடு மேசையில் வைத்தாள். லெயாந்த்ரோ அதை எடுத்துச் சட்டையில் துடைத்து, பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகும் பேசவில்லை. அவன் அழைக்கவில்லை என்று சிலர், அழைத்தான் இவள்தான் எடுக்கவில்லை என்று சிலர். தோன் அல்சீதெஸ் மட்டும் ஒரு தடவை வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று அவளைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

மார்ச் மாதம் டெல்மா ஊரை விட்டுப் போனாள். சாராத்தேயில் கப்பலிலிருந்து இறங்கும் வண்டிகளைச் சரிபார்க்கும் வேலை. கொசு ஓட்டினவனோடு ஓடிவிட்டாள் என்று நாங்கள் ஒரு மாதம் நிம்மதியாகப் பேசினோம். பிறகுதான் தெரிந்தது, ஹெரெமியாஸுக்கு மனைவியும் மூன்று பெண்களும் உண்டு என்றும், அந்த மனைவிதான் டெல்மாவுக்கு மாடி அறையை வாடகைக்கு விட்டிருக்கிறாள் என்றும். அது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து அவள் செஃபெரீனோ என்கிற இழுவைப் படகு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாள். தெரிந்துகொண்டு ஐந்து மாதத்தில் கல்யாணம். நம் ஊரிலிருந்து தோன் அல்சீதெஸ் மட்டும் போய் வந்தார்.

லெயாந்த்ரோ கால்நடை மருத்துவரின் தங்கையை மணந்தான், சோயா பாதி நிலத்தில் நிற்கும்போதே. அந்தப் பெண் தேதியைச் சொல்லிவிட்டு, வருகிறாயா என்று மட்டும் கேட்டாளாம். இப்போது நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு கொர்தோபா மலைப்பக்கம் குடிபோய்விட்டார்கள். பெல்லாவியாவின் கடையில் டெல்மா இருந்த இடத்தில் நெல்லியின் அக்கா மகள் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இன்னும் யாரும் அமையவில்லை, ஆனால் ராஃபாயேலாவிலிருந்து ஒருத்தன் டயர் பார்க்கிற சாக்கில் அடிக்கடி வருகிறான்.